நொச்சிமேடு: 4.6 கிலோமீட்டர்

1. நெல்லூரைத் தாண்டிய அலங்காநல்லூர்

ஆரப்பாளையத்திலிருந்து அலங்காநல்லூர் எழுநூற்று முப்பது கிலோமீட்டர். தூரக் கணக்கில் நான் எடுத்த முதல் விடை இது. டவுன் பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடுகிற ஊரை என் கம்ப்யூட்டர் சென்னையைத் தாண்டி, நெல்லூரையும் தாண்டிக் கொண்டுபோய் வைத்திருந்தது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு லாட்ஜின் மாடியில் எங்கள் சர்வே ஆபீஸ் இருந்தது. கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்ற சேதுராமன் சார் டைரக்டர். ஃபீல்டு வேலைக்கு ஒத்தக்கடைக்காரர் முருகேசன், அவருக்குக் கீழே மூன்று பேர். உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட நான் ஒருத்தி. அதுவரை சராசரி, சதவீதம் என்று போட்டுக்கொண்டிருந்தவளிடம், "சாந்தா, இனிமே தூரமும் ஒன்னோட டிபார்ட்மென்ட்தாம்மா" என்று சொல்லிவிட்டார் சார்.

வேலை இதுதான். எட்டாம் வகுப்போடு நின்றுபோகிற பெண் பிள்ளைகளை ஹைஸ்கூலுக்குக் கூட்டிப்போக ஒரு டிரஸ்ட் வேன் விடப்போகிறது. ஹைஸ்கூலிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற ஊர்களுக்கு மட்டும். எந்தெந்த ஊர் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அறுபத்து நான்கு ஊர், பதினோரு ஹைஸ்கூல். ஒவ்வொரு இடத்துக்கும் முருகேசன் ஆட்கள் போய், செங்கல் கனத்தில் இருந்த ஜி.பி.எஸ். கருவியை வெட்டவெளியில் பிடித்து, சாட்டிலைட் சிக்கும் வரை பொறுத்திருந்து, அட்சரேகை தீர்க்கரேகையை அச்சடித்த பாரத்தில் குறித்துவந்தார்கள். அதை நான் ஸ்டாட்டிஸ்டிக்கல் சாஃப்ட்வேரில் ஏற்றி, பூமி உருண்டை என்பதையும் கணக்கில் சேர்த்து ஃபார்முலா எழுதி, எழுநூற்று நான்கு தூரங்களையும் எடுத்து, ஒவ்வொரு ஊருக்கும் ஆகக் குறைவானதைப் பொறுக்க வேண்டும்.

எழுநூற்று முப்பது எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கருவி கோணத்தை டிகிரியில் தருகிறது. சாஃப்ட்வேரில் சைன், காஸ் எல்லாம் கோணத்தின் இன்னொரு அளவான ரேடியனில்தான் வேலை செய்யும். ‘பை’ மதிப்பால் (3.14) பெருக்கி நூற்றெண்பதால் வகுக்க மறந்திருந்தேன். பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். வெட்கமாக இருந்தது. திருத்தியதும் அலங்காநல்லூர் ஒழுங்காகப் பதின்மூன்று கிலோமீட்டருக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. எல்லாத் தூரத்தையும் நான்கு தசமத்தில் பிரிண்ட் எடுத்துச் சாரிடம் நீட்டினேன்.

"நாலு டெசிமல் எதுக்கும்மா? பள்ளிக்கூடம் என்ன ஊசி முனையிலயா இருக்கு?" என்றார்.

அந்தத் தசமங்களை நான் எடுக்கவில்லை. அழகாக இருந்தது.

எங்கள் வீட்டில் சௌராஷ்டிர மொழிதான். அந்த வாரம் ஒருநாள் அம்மா என்னிடம், "அப்படி என்னதான் வேலை, கண்ணெல்லாம் சிவந்து வருகிறாய்?" என்று எங்கள் மொழியில் கேட்டாள். ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுகிறேன் என்றேன். "அதற்கு எதற்கடி கம்ப்யூட்டர்? கண்டக்டரைக் கேட்டால் சொல்லமாட்டாரா?" என்றாள். ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

2. நாய் குரைக்கவில்லை

ஐந்து கிலோமீட்டரைத் தாண்டியவை பதினேழு ஊர்கள். ரிப்போர்ட் போனது, டிரஸ்டும் ஏற்றுக்கொண்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்றே வேன் ஓட ஆரம்பித்தது.

நாலைந்து நாள் கழித்து ஒரு முற்பகல், ஒரு பெண் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு ஒயர்கூடை.

"இங்கதேன் ஊரு தூரம் அளக்குறாகளா?"

"ஆமா. நீங்க?"

"எம்பேரு பஞ்சவர்ணம். நொச்சிமேட்டுல இருந்து வாரேன். எங்க ஊருக்கு வேன் கெடையாதுன்னுட்டாக. அஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு நீங்கதேன் எழுதிக் குடுத்தீகளாம்ல?"

நான் ஃபைலைத் திறந்தேன். முப்பத்தெட்டாவது வரிசை. நொச்சிமேடு, 4.6137. ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். காட்டியது மட்டுமல்ல, "கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா, தப்பு வராது" என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அவர் ஸ்கிரீனைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீங்க எங்க ஊருக்கு வந்திருக்கீகளா?"

"நான் வரல. எங்க ஆளு வந்துதான் அளந்தாரு."

"ஒருத்தரும் வரலயே மேடம். எங்க ஊருக்குள்ள வெளியாளு கால வச்சா தெருவுல கெடக்குற அம்புட்டு நாயும் குரைச்சுக் காட்டிக்குடுத்துரும். அப்படி ஒருத்தரும் வரல."

பிறகு விஷயத்தைச் சொன்னார். மகள் செல்வி எட்டாவது முடித்துவிட்டாள். வகுப்பில் முதல் மார்க். பஸ் பிடிக்க ஊரிலிருந்து மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். வழி நெடுக இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு.

"கரும்புக் காட்டுக்குள்ள பொட்டப்புள்ளயத் தனியா அனுப்ப மாட்டேன்னு எங்க வீட்டுக்காரரு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. வேன் வந்தா அனுப்புறேன்னு அவரே சொல்லிட்டாரு. பெரிய வாத்தியாரு இந்த மாசம் முடிய எடம் வச்சிருக்கேன்னாரு. அதுக்குமேல அவராலயும் முடியாதாம்."

மனு எழுதிக் கொடுங்கள், பார்க்கிறோம் என்றேன். அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்ல நான் எழுத, பெருவிரல் வைத்துவிட்டுப் போனார். நடவு வேலைக்கு அன்று லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

3. வரிசையில் நின்ற ஊர்கள்

மதியம் முழுக்க என் கணக்கு சரி என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். ரேடியன் சரி. ஃபார்முலா சரி. பாரத்தில் இருந்த எண்ணும் ஃபைலில் இருந்த எண்ணும் ஒன்று. எல்லாம் சரியாக இருந்தும் அந்த நாய்கள் என்னை விடவில்லை.

வேறு ஒன்றும் தோன்றாமல், எல்லா ஊர்களையும் புள்ளிகளாக வரையச் சொன்னேன். குறுக்கே தீர்க்கரேகை, நெடுக்கே அட்சரேகை. ஒரே ஒரு கமாண்ட். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை, ஆனால் அதுவரை நான் எண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கிரீனில் புள்ளிகள் விழுந்தன. பாதிக்கு மேல் இறைத்துவிட்ட நெல் மாதிரி அங்கங்கே கிடந்தன. மீதி ஒரு கோட்டில் நின்றன. வடக்கே போகிற ஒரு கோடு, அதிலிருந்து பிரிந்து இன்னொரு கோடு. எண்ணினேன். இருபத்து மூன்று ஊர்கள், அளவெடுத்து நட்டதுபோல் வரிசையில். நொச்சிமேடும் அதில் இருந்தது.

ஊர்கள் அப்படி நிற்காது. பஸ் ஸ்டாப்புகள்தான் நிற்கும்.

4. ஆறாம் பக்கம், நான்காவது பாயிண்ட்

எங்கள் பக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தை விலக்கு என்போம். ஊர் இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும். பெயர்ப் பலகை, ஒரு டீக்கடை, பஸ் ஸ்டாப் எல்லாம் விலக்கில் இருக்கும். "நொச்சிமேடு விலக்கெல்லாம் எறங்கு" என்றுதான் கண்டக்டர் குரல் கொடுப்பார். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. பிறந்ததிலிருந்து மதுரைக்குள் ஒரே தெருவில் குடியிருந்தவள் நான். ஒரு விலக்கிலும் இறங்கியதில்லை.

சாயங்காலம் முருகேசன் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, நொச்சிமேட்டுக்கு எங்க நின்னு ரீடிங் எடுத்தீங்க?"

"போர்டு பக்கத்துலதான் மேடம்."

"எந்த போர்டு?"

"நொச்சிமேடுன்னு எழுதியிருக்குல்ல, விலக்குல. வண்டிய நிறுத்திட்டு அங்கனயே எடுத்தேன்."

"ஊருக்குள்ளயே போகாம ஊரை அளந்தீங்களா? படிச்ச மனுசன் செய்யுற வேலையா இது?" என்று கத்தினேன். மற்ற மூன்று பேர் முன்னாலும் கத்தினேன்.

முருகேசன் தன் பைக்குள் கைவிட்டு ஃபீல்டு மேனுவலை எடுத்தார். ஆறாம் பக்கத்தைத் திறந்து என் மேஜையில் வைத்தார். நான்காவது பாயிண்ட்: "ஊரின் பெயர்ப் பலகை அருகே, திறந்த வெளியில் நின்று அளவு எடுக்கவும்."

"இது யாரு எழுதுனது மேடம்?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

நான் எழுதியது. எந்த ஊர் என்று சந்தேகம் வரக்கூடாது, பலகை இருந்தால் குழப்பம் இருக்காது என்று யோசித்து, ஏ.சி. காற்றில் உட்கார்ந்து எழுதியது. பலகை ஊர் வாசலில் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சில ஊர்களில் இருந்தது. இருபத்து மூன்றில் இல்லை. முருகேசனிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், எனக்கும் ஊருக்குள்ள போகணும்னு தோணியிருக்கணும்" என்றார். தோன்றியிருக்கும். ஆனால் மேனுவலில் இருப்பதை மீறினால் நான்தான் விடமாட்டேனே.

5. கடைசி எண்

மறுநாள் காலை நானும் முருகேசனும் பஸ்ஸில் போய் நொச்சிமேடு விலக்கில் இறங்கினோம். கிளம்பும்போதே அவர் பைக்கில் போகலாம் என்றிருந்தார். செல்வி போகவேண்டிய வழியில் நடந்துதான் போவேன் என்றிருந்தேன். பஞ்சவர்ணம் சொன்னது அத்தனையும் உண்மை. கரும்பு இரண்டு பக்கமும் மேலே எழும்பி, பாதை ஒரு நீள அறை மாதிரி இருந்தது. முக்கால்வாசி தூரம் ஒரு ஆளைப் பார்க்கவில்லை. கூட முருகேசன் வந்தும் எனக்கு இரண்டு தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றியது. ஊருக்குள் நுழைந்ததும் நாய்கள் குரைத்தன.

பஞ்சவர்ணம் எங்களைப் பார்த்து ஓடி வந்தார். "மேடம், நெசமாவே வந்துட்டீகளா!" என்றவர் உள்ளே திரும்பி, "ஏ செல்வி, செம்புல தண்ணி கொண்டா" என்றார். நான் கொடுக்காத தண்ணீர்.

செல்வி ஒல்லியாக, துறுதுறுவென்று இருந்தாள். நான் அவர்கள் வாசலில் கருவியை நீட்டிப் பிடித்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம எங்க நிக்கிறோம்னு சொல்லுமா மேடம்?"

"சொல்லும். நீ பிடிச்சுக்கோ, ஆடாம நில்லு."

இரண்டு கையாலும் வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று நேரம் கழித்து, "நான் ஆடவேயில்ல. கடைசி நம்பரு மட்டும் மாறிக்கிட்டே இருக்கே?" என்றாள்.

நான்கு தசமம் போட்ட எம்.எஸ்ஸி.காரி அதைக் கவனித்ததில்லை. எட்டாவது படித்தவள் இரண்டு நிமிடத்தில் கவனித்துவிட்டாள். கருவிக்கே பத்துப் பதினைந்து மீட்டர் தடுமாற்றம் உண்டு, கடைசி எண்ணை நம்பக்கூடாது என்று அவளுக்குச் சொன்னேன். "அப்ப எதுக்கு அதக் காட்டுது?" என்று கேட்டாள்.

கிளம்பும்போது பஞ்சவர்ணத்திடம் கேட்டேன். "இனிமே ஊரை அளக்க வந்தா எங்க நிக்கணும்?"

"இதென்ன கேள்வி? புள்ள பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புற எடத்துல நில்லுங்க" என்றார்.

ஆபீஸுக்கு வந்து அந்த ஒரு வரிசையை மாற்றிக் கணக்கை மறுபடி ஓட்டினேன். 7.1 கிலோமீட்டர்.

6. திங்கட்கிழமை வேன்

சேதுராமன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிப் படத்தையும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இருபத்து மூணு ஊர் தப்புன்னு எழுதிக் குடுத்தா நம்ம மானம் கப்பலேறிரும்மா. அடுத்த வேலைய எவன் குடுப்பான்? ஒண்ணு பண்ணுவோம். நொச்சிமேட்டுக்கு மட்டும் டைப்பிங் மிஸ்டேக்னு போன் பண்ணிச் சொல்லிர்றேன். திங்கக்கிழமையே வேன் போயிரும். மிச்சத்த அடுத்த வருஷ சர்வேல சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்."

"மிச்சம் இருபத்திரண்டு ஊரு சார். அங்கயும் பிள்ளைங்க இருக்கும்."

"இருக்கும். அவங்க யாரும் நம்ம மாடியேறி வரலையே?"

அவர் கெட்டவர் இல்லை. ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிற கவலை அவருக்கு. ஆனால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பொய் சொல்லி ஒரு ஊரைச் சேர்க்க வேண்டாம் சார். இருபத்து மூணையும் திரும்ப அளந்து, டேபிள் முழுசா சரியான பிறகுதான் இங்கிருந்து ஒரு பேப்பர் போகணும்" என்றேன்.

"அப்ப லெட்டர நீயே எழுது. கையெழுத்தும் நீயே போடு."

எழுதினேன். தப்பு என்னுடையது, மேனுவலில் நான் எழுதிய வரியால் வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு முறை படித்தார். என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு, "டேபிள் முடியட்டும், சேத்தே அனுப்பிருவோம்" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரே கருவி, இருபத்து மூன்று ஊர், நடுவில் வேறு வேலைகள். அளந்து முடிக்க மூன்று வாரம் ஆனது. ஒரு ஊரென்றால் போனிலேயே சேர்த்திருப்பார்கள்; முழு டேபிளைக் கூட்டத்தில்தான் வைக்க வேண்டும், டிரஸ்ட் கூடுவதோ மாதம் ஒருமுறை. ஒரு கூட்டம் எங்கள் கையைவிட்டுப் போய், அடுத்த கூட்டத்தில்தான் திருத்தம் வைக்கப்பட்டது. யாரும் எங்கள் மானத்தைக் கப்பலேற்றவில்லை. நன்றி சொல்லி, ஒன்பது ஊர்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். நொச்சிமேடு அதில் முதல் பெயர்.

7. ஆறு பேர்

ஆகஸ்டில் ஒரு காலை, வேன் நொச்சிமேட்டுக்கு முதன்முதலாக வந்தபோது நானும் போயிருந்தேன். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று குறிப்பது என் சாக்கு. செல்வியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நிஜம். அவளுக்கென்று ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.

பஞ்சவர்ணம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கையில் பிடித்து ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வேன் வந்துருச்சு மேடம். நீங்க நல்லா இருக்கணும்."

"செல்வி எங்க?"

"அவ மில்லுக்குப் போயிட்டா. நூலு மில்லு, அங்கனயே தங்கி வேல. பெரிய வாத்தியாரு மாசக் கடேசி வரைக்கும் பாத்தாரு, நானும் பாத்தேன். சும்மா வீட்டுல வச்சிருந்தா கல்யாணப் பேச்ச எடுத்துருவாகன்னு பயந்து நாந்தேன் அனுப்பிவிட்டேன். மூணு வருசம்னு எழுதி வாங்கியிருக்காக."

அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு இருபது வருடம் இந்த வேலையில் இருந்தேன். ரோடு வழியாகவே தூரம் சொல்கிற சாஃப்ட்வேர் வந்தது, போனிலேயே ஜி.பி.எஸ். வந்தது. எங்கள் மேனுவலில் ஆறாம் பக்கம் நான்காவது பாயிண்டை பஞ்சவர்ணம் சொன்னபடியே மாற்றி எழுதினேன். கிலோமீட்டருக்கு ஒரு தசமத்துக்கு மேல் போட்டதில்லை. புள்ளிகளை வரைந்து பார்க்காமல் எந்தக் கணக்கையும் தொட்டதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் எங்கேயாவது படித்துக்கொள்வீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. அன்று சாரின் பொய்க்கும் என் பிடிவாதத்துக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. "நொச்சிமேட்டை நேரில் போய் அளந்துவிட்டோம், ஏழு கிலோமீட்டர், எங்கள் தப்பு. இன்னும் சில ஊர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று அன்றே டிரஸ்டுக்கு ஒரு போன். அவ்வளவுதான். அதில் பொய்யும் இல்லை, தாமதமும் இல்லை. எனக்குத் தோன்றவில்லை. பாதி திருத்திய டேபிள் வெளியே போகக்கூடாது என்பதிலேயே நின்றுவிட்டேன். நான்கு தசமம் போட்ட அதே கைதான் இதையும் செய்தது. ஆகையால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு வரிசை தப்பு என்று தெரிந்தால், அந்த வரிசையை அன்றே திருத்தி அனுப்பிவிடுங்கள். மற்ற வரிசைகளுக்காக அதைக் காக்க வைக்காதீர்கள்.

வேன் வந்த அந்தக் காலையில் ஜியோமெட்ரி பாக்ஸை அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பாரத்தில் எழுதினேன். ஊர்: நொச்சிமேடு. தூரம்: 7.1. வேனில் ஏறியவர்கள்: ஆறு. ஏறாமல் போன ஏழாவது பிள்ளையை எழுத அந்தப் பாரத்தில் கட்டம் எதுவும் இல்லை. பாரத்தைத் தயாரித்ததும் நான்தான்.